பனடோலைக் கொடுத்து மலைக்கு அனுப்பாதே!

எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முதுகுவலி என்றால் பனடோல். கழுத்துவலி என்றால் பனடோல். முழங்கால் வீங்கியிருந்தால் பனடோலோடு பூசுவதற்கு ஏதாவது கொஞ்சம். நேற்று கானில் சறுக்கி விழுந்த வலிக்கும் பத்து வருஷமாகச் சுமக்கும் வலிக்கும் ஒரே மாத்திரை, ஒரே கேள்வி: "நாளைக்கு மலைக்குப் போகலாம்தானே?" இதை வைத்தியம் என்று நாம் ஒத்துக்கொள்ள முடியாது. இது ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

கவ்வாத்துக் கத்தி பட்டது, கால் சுளுக்கியது, இடுப்பு பிடித்தது எல்லாம் திடீர் வலி. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அது. எலும்பு முறிந்ததா என்று பார்க்க வேண்டும், சில நாட்களுக்குச் சரியான அளவில் மருந்து தர வேண்டும், அடிபட்ட இடத்துக்குச் சுமையைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் ஆறிவிடும். ஆறாமல் மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை வைத்தியர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். அப்போது நரம்புகளே கூருணர்ச்சி கொண்டுவிடக்கூடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலே வலி நிஜமாக இருக்கும். "படத்தில் ஒன்றுமில்லை, இவள் நடிக்கிறாள்" என்று சொல்லும் துரைமாருக்கும் கணக்குப்பிள்ளைமாருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்: படத்தில் தெரியாததெல்லாம் பொய் அல்ல.

இந்த வலிக்கு மாத்திரை மட்டும் போதாது என்பது நாம் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 2014இல் அவுஸ்திரேலியாவில் புதிதாக இடுப்புவலி வந்தவர்களிடம் பரிசோதித்தார்கள். பரசிட்டமோல் குடித்தவர்கள் வெறும் மாத்திரை குடித்தவர்களைவிட விரைவாகக் குணமாகவில்லை. பனடோல் என்பது அதே பரசிட்டமோல்தான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. வலியைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்துவது, முறையான உடற்பயிற்சி, மனத்தாங்கலுக்கும் சிகிச்சை என்று அதில் இருக்கிறது. இடுப்புப் பட்டியும் ஓப்பியொயிட் மாத்திரையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவளுக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி?" என்று நம்மவர்களே சிரிப்பார்கள். நெற்றிக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு, கழுத்தை முன்னுக்கு நீட்டி, சரிவில் ஒரு காலை உயர்த்தி ஒரு காலைத் தாழ்த்தி எட்டு மணி நேரம் நிற்பது உடற்பயிற்சி அல்ல, தேய்மானம். சிகிச்சைக்கான பயிற்சி என்பது தளர்ந்துபோன தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வலுப்படுத்துவது. அதைக் கற்றுக்கொடுக்கும் பிசியோதெரபி உத்தியோகத்தர் இருப்பது டவுன் ஆஸ்பத்திரியில். அங்கே போனால் அன்றைக்குப் பேர் இல்லை, பஸ் காசும் கையைவிட்டுப் போகும். போகாவிட்டால் மறுபடி பனடோல்.

அந்தப் பனடோலும் ஆபத்தில்லாத பண்டம் அல்ல. வளர்ந்த ஒருவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மீறினால் ஈரலைத் தாக்கும். காலைத் தேத்தண்ணியோடு இரண்டு, மலையில் இரண்டு, பீலியில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து இரண்டு என்று கணக்கில்லாமல் விழுங்குகிறவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். கடையில் சில்லறையாக வாங்கும் டைக்ளோபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும். பிரஷர் உள்ளவர்களுக்கும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் அது இன்னும் மோசம். இடுப்புவலியோடு கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ டிஸ்பென்சரி வாசலில் நிற்காதீர்கள், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோட்டத்து வைத்திய உதவியாளரைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது அந்த ஒரு போத்தல்தான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நிருவாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர், தொழிலாளிக்கு லீவுத் துண்டு எழுதும்போது யாருடைய முகத்தைப் பார்ப்பார்? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே நம் உடம்பின் பொறுப்பு தோட்டத்தோடு கட்டிவைக்கப்பட்டது. நூறு வருஷம் தாண்டியும் முடிச்சு முழுதாக அவிழவில்லை. தோட்டச் சுகாதாரத்தை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

நட்டஈட்டுச் சட்டமும் இருக்கிறது, 1934இலிருந்து. மலையில் விழுந்தால் விபத்து, திகதி எழுதலாம். இருபது வருஷம் கூடை சுமந்து தேய்ந்த முதுகுக்கு எந்தத் திகதியை எழுதுவது?

பாடசாலையில் பிள்ளைகளிடம் ஏன் நேற்று வரவில்லை என்று கேட்டால் "அம்மாவுக்கு முதுகு ஏலாது சேர், தண்ணி தூக்கினேன்" என்பார்கள். அந்த வீட்டில் அப்பா இருந்தாரா என்று நாம் கேட்பதில்லை. ஆண் தோழர்கள் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்.

நிருவாகத்திடம் நாம் கேட்பது மாத்திரை அல்ல. கொழுந்து நிறுக்கும் தடவையைக் கூட்டு, கூடையின் பாரம் தானாகக் குறையும். வலிக்காரருக்கு இலகு வேலை கொடு, அதற்கு அரைப்பேர் போடாதே. கிளினிக் துண்டு கொண்டு வருகிறவருக்கு அன்றைய முழுப்பேர் போடு. மாதம் ஒரு தடவையாவது பிசியோதெரபி உத்தியோகத்தரைத் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லி மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு எங்களோடு சேர்ந்து எழுது. இவற்றில் பாதிக்கு நிருவாகத்துக்கு ஒரு சதம் செலவில்லை.

"ஆதாரம் எங்கே?" என்பார்கள். அதற்காக ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி வைப்போம். யாருக்கு எங்கே வலி, எத்தனை மாதமாக, டிஸ்பென்சரியில் என்ன கொடுத்தார்கள், அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா. எழுதத் தெரியாதவர்களுக்கு மேல் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்குத் தலைவிமார் அந்தக் கொப்பிகளோடு வாருங்கள்.