மூச்சுக்குழலில் தழும்பும் ஒரு நோயே

2025 ஜூன் 16 அதிகாலையில் கொல்கத்தாவின் கிடர்பூர் சந்தை தீக்கிரையாகி, நூற்றுக்கணக்கான கடைகள் அழிந்தன. உயிரிழப்பு இல்லை என்ற செய்தி மட்டுமே ஆறுதலாக இருந்தது. அதே நகரின் ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அன்று நேர்ந்த தீவிபத்தில் அந்த ஆறுதலும் கிட்டவில்லை. கீழ்த்தளத்தில் மூண்ட தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏறியது. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை.

புகையிலிருந்து மீண்டவர்களின் துன்பமும் உடனே முடிவதில்லை. வெப்பம் குரல்வளையையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் சுடுகிறது. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் அதற்குக் கீழே மூச்சுக்கிளைகளை அரிக்கின்றன. உயிர்காக்கச் செலுத்தப்படும் செயற்கைச் சுவாசக் குழாயும், நாள்கள் நீளும்போது, சளிச்சவ்வை அழுத்திப் புண்ணாக்குகிறது. இத்தகைய காயங்களுக்குத் தட்டணுச் செறிவூட்டிய பிளாஸ்மா தீர்வாகக்கூடும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வளர்ந்து வருகிறது. அந்த நம்பிக்கை ஆராயத்தக்கது. ஆனால் ஆய்வை முந்திக்கொண்டு சிகிச்சையாக விற்கத்தக்கதன்று.

செய்முறை எளியது. நோயாளியின் குருதியையே மையவிலக்குப் பொறியில் சுழற்றித் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்தெடுக்கின்றனர். ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும் தட்டணுக்கள், இதில் பத்து இலட்சம் அளவுக்குச் செறிகின்றன. அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் புதிய குருதிநாளங்களையும் திசுவையும் தூண்டுகின்றன. 1998-இல் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் தாடை எலும்பு ஒட்டுகளில் இதைப் பயன்படுத்தி வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இம்முறை பரவலான கவனம் பெற்றது. குருதியோட்டம் குறைந்த குருத்தெலும்பாலான மூச்சுக்குழலுக்கு இது பொருந்தும் என்ற எண்ணம் இயல்பானதே. விலங்குகளின் மூச்சுக்குழல் தையல்களிலும், மிகச் சிறிய எண்ணிக்கையிலான குரல்நாண் நோயாளிகளிடமும் ஊக்கமளிக்கும் முடிவுகள் கிடைத்துள்ளன.

எனினும், தட்டணுக்கள் வெளியிடும் காரணிகளுள் டிஜிஎஃப்-பீட்டாவும் ஒன்று. புண்ணை மூடும் அதே பொருள் கொலாஜனைக் குவித்துத் தழும்பையும் உண்டாக்குகிறது. தோலில் தழும்பு ஒரு வடு. மூச்சுக்குழலில் அது ஓர் அடைப்பு. சீரான காற்றோட்டத்தில், குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆகவே இங்குக் கேட்க வேண்டியது புண் ஆறியதா என்பதன்று. ஆறிய பின் குழல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே. குறுக்கம் வாரங்கள், மாதங்கள் கழித்தும் தோன்றும் என்பதால், சில நாள்களில் முடியும் கண்காணிப்பு இவ்வினாவுக்கு விடை தராது.

சொந்தக் குருதிதானே, தீங்கென்ன என்பர் ஆதரவாளர். ஒவ்வாமை அச்சம் குறைவு என்பது உண்மை. பயனுக்கு அது சான்றாகாது. ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் இந்தப் பிளாஸ்மா உப்புநீர் ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை எதையும் தரவில்லை. அதற்கு முன்பே எத்தனையோ முழங்கால்களில் அது செலுத்தப்பட்டுவிட்டது. மேலும், சுழற்சி வேகமும் வெள்ளணுக்களின் அளவும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகின்றன. ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் வழங்கப்படுகின்றன. கடுந்தீக்காயத்தின் முதல் நாள்களில் நோயாளியின் தட்டணுக்கள் குறைவதும் உண்டு. மருந்து தேவைப்படும் வேளையில் அதன் மூலப்பொருளே மெலிந்திருக்கும்.

எனவே மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். ஒப்பீட்டுக் குழுவும், தயாரிப்பு முறை பற்றிய முழு விவரமும், மாதக்கணக்கில் தொடரும் உள்நோக்கிப் பரிசோதனையும் அதில் இடம்பெற வேண்டும். பங்கேற்பவரிடம் கட்டணம் பெறலாகாது. பணம் கொடுத்தவர் ஆய்வுக்கு உட்பட்டவராக அன்றி வாடிக்கையாளராக ஆகிவிடுகிறார்.

இதற்கிடையே செய்யத்தக்க பணி வேறொன்று உண்டு. சுவாசக் குழாயின் காற்றுப்பை அழுத்தத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் வைத்திருந்தால் பிற்காலக் குறுக்கங்கள் பலவற்றைத் தவிர்க்கலாம். அதற்குத் தேவை ஓர் எளிய அழுத்தமானியும் அதை முறையாகப் பார்க்கும் செவிலியரும். நெரிசலான சந்தைகளும் துறைமுகக் கிடங்குகளும் சூழ்ந்த கிடர்பூர் போன்ற பகுதியின் மருத்துவமனைகளில், பிளாஸ்மா பொறி வருவதற்கு முன் ஒவ்வொரு தீவிரச் சிகிச்சைப் படுக்கைக்கும் அந்த மானி வந்து சேர வேண்டும்.