இரண்டு எண்களும் இடைவெளியும்

அந்தமானில் டாலிகஞ்ச் பகுதியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம், மலேரியாவையும் எலிக்காய்ச்சலையும் துரத்தியே பெயர் வாங்கியது. அதன் விஞ்ஞானிகள் 2011ல் வெளியிட்ட ஆய்வு வேறு ரகம். கார் நிக்கோபார் தீவின் பழங்குடியினரில், வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். நகரத்து வியாதி என்ற நினைப்பு தகர்ந்தது.

இந்த நோயைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு எண்கள். 120/80 என்றால், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது அழுத்தம் 120, தளரும்போது 80. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 40தான் நாடி அழுத்தம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ரத்தம் குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக ஓடுவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை அலையாகப் பாய்கிறது. இளமையில் பெருந்தமனி ரப்பர் போல விரிந்து ஒவ்வோர் அடியையும் தாங்குகிறது. இதயம் ஓயும் நேரத்தில் சுருங்கி ரத்தத்தை முன்னே செலுத்துகிறது. வயது ஏற ஏற அது விறைக்கிறது. மேல் எண் உயர்கிறது. 60ஐ ஒட்டி கீழ் எண் இறங்கத் தொடங்குகிறது. விளைவு, 170/75 போன்ற கணக்கு. தணியாத அலை மூளை, சிறுநீரகங்களின் நுண்ணிய நாளங்களைத் தாக்குகிறது. உயர் அழுத்தமே தமனியை மேலும் விறைக்கவைப்பதால் இது ஒரு விஷ வட்டம்.

வயதானால் மேல் எண் ஏறுவது சகஜம் என்று டாக்டர்களே நெடுங்காலம் விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 60 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 1991ல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. கீழ் எண் சரியாக இருந்து மேல் எண் மட்டும் 160க்குக் குறையாமல் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததில், பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் பெறுகிறது. கீழ் எண் மிகவும் இறங்கினால் அதற்கே தட்டுப்பாடு வரலாம். எனவே மாத்திரையைத் தானாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்து. உப்பைக் குறைப்பது, புகையிலையை விடுவது, தினமும் நடப்பது ஆகியவற்றுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

அடுத்த முறை அழுத்தம் பார்க்கும்போது இரண்டு எண்களையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், “கீழே நார்மல்தான்” என்ற ஆறுதலோடு திரும்பிவிடக் கூடாது.