போட்சான் ஜயித்தானா?

உபாத்தியாயருக்குப் பட்டப் பெயர் வைப்பது மாணாக்கர்களின் பிறப்புரிமை. ஆனால் ஓர் உபாத்தியாயரே தம் சகாக்கள் எல்லாருக்கும் பட்டப் பெயர் சூட்டினால் எப்படியிருக்கும்? ஜப்பானிய ஆசிரியர் நாட்ஸுமே ஸோஸெகி 1906-ஆம் ஆண்டில் எழுதிய 'போட்சான்' என்னும் ஹாஸ்ய நாவலில் அதுதான் நடக்கிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்தப் புஸ்தகம் சிரிப்பையும் மூட்டுகிறது. படித்தவர்களுக்குள் சண்டையையும் மூட்டுகிறது. அந்தச் சண்டையில் இவ்வாரம் நாமும் தலையிடத் துணிகிறோம்.

டோக்கியோ நகரத்து முரட்டுப் பிள்ளை ஒருவன். தாய் தந்தையர் காலமானபின், தமையன் கொடுத்த 600 யென்னை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் படிக்கிறான். ஷிகோகு தீவிலுள்ள பள்ளிக்கூடமொன்றில் 40 யென் சம்பளத்தில் கணக்கு வாத்தியாராகப் போகிறான். டெம்புராப் பொரியல் போட்ட சேமியா போன்ற பலகாரத்தை ஒருநாள் கடையில் நான்கு கிண்ணம் காலி செய்கிறான். மறுநாள் கரும்பலகையில் அவனுக்கு 'டெம்புரா வாத்தியார்' என்று பட்டாபிஷேகம் ஆகிவிடுகிறது! இரவுக் காவலின்போது படுக்கையில் வெட்டுக்கிளிகள். விசாரித்தால், "ஐயா, அவை வேறு ஜாதிப் பூச்சி" என்று பையன்கள் பாடம் நடத்துகிறார்கள்.

பையன்களின் குறும்பைவிடப் பெரியவர்களின் சூது பொல்லாதது. மிருதுவாகப் பேசும் தலைமை உதவியாசிரியர் 'சிவப்புச் சட்டை', சாதுவான ஆங்கில ஆசிரியருக்கு நிச்சயமான பெண்ணைத் தாம் அடைய விரும்பி, அவரைப் பதவி உயர்வு என்ற பெயரால் தூரதேசம் அனுப்பிவிடுகிறார். தட்டிக்கேட்ட 'முள்ளம்பன்றி' என்னும் சகாவுக்கு வேலை போகிறது. கடைசியில் அவரும் நம் கதாநாயகனும் சிவப்புச் சட்டையையும் அவருடைய துதிபாடகரையும் வழிமறித்து, முட்டையாலும் முஷ்டியாலும் பூஜை செய்துவிட்டு ஊரை விட்டுப் புறப்படுகிறார்கள்.

இங்கேதான் வாசகர்கள் கட்சி பிரிகிறார்கள். 'தர்மம் ஜயித்தது' என்பது ஒரு கட்சி. 'என்ன ஜயம்? ஆங்கில ஆசிரியர் திரும்பி வரவில்லை. சிவப்புச் சட்டையின் உத்தியோகமும் போகவில்லை. யோக்கியர் இருவரும்தான் வேலை இழந்தார்கள். 40 யென் வாங்கியவன் டிராம் கம்பெனியில் 25 யென்னுக்குப் போனான்' என்பது மறு கட்சி. மூன்றாவது கட்சிக்கு அவனையே பிடிக்கவில்லை. நாட்டுப்புறத்தாரை ஏளனம் செய்யும் பட்டணத்துக் கர்வி என்கிறார்கள்.

மூன்றாவது கட்சிக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மட்ஸுயாமா நகரத்தாரிடமே விட்டுவிடலாம். ஸோஸெகி 1895-ஆம் ஆண்டில் ஆசிரியராகப் போன ஊர் அது. கதையில் ஊர்ப்பெயர் இல்லை. எனினும் அந்த ஊர் இன்று போட்சான் பெயரால் ரெயில் விடுகிறது, பந்தாட்ட மைதானம் வைத்திருக்கிறது, கொழுக்கட்டையும் விற்கிறது. திட்டு வாங்கிய ஊரே கோபித்துக்கொள்ளவில்லை! போதாததற்கு ஆசிரியர், அந்தப் பள்ளியில் அப்போது இலக்கியப் பட்டதாரி தாம் ஒருவரே என்றும், ஆகையால் சிவப்புச் சட்டை தாமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் 1914-இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். பிறரைப் பரிகசித்தவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை.

மற்ற இரு கட்சிகளும் ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். முள்ளம்பன்றி ஒருநாள் ஒன்றரை ஸென்னுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் துரோகி என்று சிவப்புச் சட்டையின் பேச்சால் நம்பியதும், நம் கதாநாயகன் அந்தக் காசைத் திருப்பி வைத்துவிடுகிறான். அவர் எடுக்க மறுக்கிறார். காசு மேஜைமேல் தூசி படிந்து கிடக்கிறது. ஆனால் வீட்டு வேலைக்காரக் கிழவி கியோவிடம் வாங்கிய மூன்று யென்னை அவன் ஐந்து வருஷமாகியும் திருப்பவில்லை. அந்நியரிடம் பட்ட கடனைத் தீர்க்கலாம். தன்னில் ஒரு பாதியாக இருப்பவளிடம் பட்டதைத் தீர்க்க நினைப்பதே அவமதிப்பு என்பது அவன் சித்தாந்தம்.

'போட்சான்' என்றால் சின்ன எஜமான். கியோ அவனை அன்போடு அப்படி அழைக்கிறாள். துதிபாடகர் அதே வார்த்தையை ஏளனமாக உபயோகிக்கிறார். அவனுடைய சொந்தப் பெயரோ புஸ்தகத்தில் எங்குமே கிடையாது. உலகத்தார் அசடு என்று கண்டதைக் கிழவி நேர்மை என்று கண்டாள். வேலையை உதறியவன் டோக்கியோவில் இறங்கியதும், விடுதிக்குக்கூடப் போகாமல், கைப்பெட்டியோடு நேரே அவளிடம் போய் நிற்கிறான்.

சிவப்புச் சட்டையிடம் அவன் ஜயித்தானோ இல்லையோ, போக ஓரிடம் அவனுக்கு இருந்தது. சில காலத்தில் கியோ கபவாதத்தால் இறக்கிறாள். சின்ன எஜமானின் குடும்பக் கோயிலில் தன்னைப் புதைக்க வேண்டும், அங்கே அவனுக்காகக் காத்திருப்பேன் என்பது அவள் கடைசி வேண்டுகோள். அவளுடைய சமாதி இருக்குமிடத்தைச் சொல்லிக் கதை முடிகிறது. இருநூறு பக்கம் சிரித்துவிட்டு அந்த வரியைக் கண் கலங்காமல் தாண்டிய வாசகர் உண்டானால், அவர் எந்தக் கட்சியானாலும் சரி, அவரோடு வாதாட நாம் தயாராயில்லை.