எழுதிய பதிவேடு, படிக்காத பதிவேடு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘இல் ஆ த லா தாம்பேராத்யூர்’ என்றால் அவனுக்குக் காய்ச்சல் என்று பொருள். தமிழிலும் ‘பிள்ளைக்கு டெம்பரேச்சர் இருக்கு’ என்றுதானே சொல்கிறோம்? யோசித்தால் வேடிக்கைதான். டெம்பரேச்சர் இல்லாத உடம்பு ஏது? எவ்வளவு என்பதுதான் கேள்வி.

என் வீட்டுக் குட்டிக் கம்ப்யூட்டர் விஷயத்திலும் இதே குழப்பம் எனக்கு இருந்தது. ராஸ்பெர்ரி பை 4 என்று பெயர். சீட்டுக்கட்டு அளவுதான். பேரன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா சைகோனிலிருந்து எழுதிய கடிதங்கள், குடும்பத்துப் பிறப்பு, திருமணப் பதிவுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அதனோடு இணைத்த ஹார்டு டிஸ்கில் சேர்த்து வருகிறேன். டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், கதவுக்குப் பின்னால், இரண்டும் இரவு பகலாக ஓடுகின்றன.

வெப்பத்தை அளக்கும் ஏற்பாடு அதன் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஃபைலைத் திறந்தால் 54530 என்பது போல ஓர் எண் நிற்கும். ஆயிரத்தால் வகுத்தால் 54.53 டிகிரி செல்சியஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைத் தானாகவே குறித்து வைக்கும்படி பேரன் ஒரு பதிவேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தான்.

முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். ஐம்பத்தைந்தைப் பார்த்தாலே பதற்றம். “தாத்தா, அது மனுஷ உடம்பு இல்ல. எண்பதுக்குக் கீழ இருந்தா கவலைப்படாதீங்க” என்றான் போனில். அவன் சொன்னது சரிதான். இந்த சிப் 80 டிகிரியைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 85ஐ நெருங்கினால் இன்னும் குறைத்துக்கொள்ளும். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த சாமான். நிம்மதியாகி, பதிவேட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது.

மே மாதம். கத்தரி வெயில். ஒரு கடிதத்தைத் திறக்கச் சொன்னால் திறப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. தெரிந்த கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க ஐயா. சரியாகலேன்னா புதுசு வாங்கிடுங்க” என்றார். செய்தேன். அரை நாள் நன்றாக ஓடி, மறுபடியும் மந்தமானது. நாலாம் நாள் ஹார்டு டிஸ்க் சுற்றவில்லை.

அப்போதுதான் பதிவேட்டைத் திறந்தேன். பதினோரு நாட்களாக மத்தியானம் தொடங்கி இரவு வரைக்கும் 81, 82, 81. ஒரு நாளைக்கு 288 வரி, ஆக மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல். ஒரு வரியைக்கூட நான் படித்திருக்கவில்லை. ஸ்டாண்டின் பின்பக்கத் துளையை அடைத்துப் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று கிடந்தது. வைத்தது நான்தான்.

டிஸ்க் போனதற்கு வெப்பம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அதே அறைக்குள் புழுங்கிக் கிடந்த டிஸ்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ‘அதுதான் தானே குறைத்துக்கொள்ளுமே, எதற்குக் கண்காணிப்பு?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். சத்தமில்லாமல் சமாளிக்கும் சாமானைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நோவைச் சொல்லாத நோயாளி போன்றது அது.

சுகாதாரத் துறையில் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு பதிவேடு என் மேஜைக்கு வரும். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் எழுத வேண்டும். ஓரிடத்திலிருந்து வந்ததில் மாதம் முழுக்க 4, 4, 4. ஒரே பேனா, ஒரே சாய்வு. மின்சாரம் போன நாளிலும் 4. உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அதைக் கண்டு நான் பொங்கியிருக்கிறேன். இன்று என் வீட்டுப் பதிவேட்டில் பொய் ஒன்றுமில்லை, இயந்திரம் நேர்மையாகத்தான் எழுதியது. ஆனால் படிக்க ஆளில்லாத உண்மைக்கும் அந்த நாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஆகவே என் கட்சி இதுதான். எண்ணைக் கண்டு மணிக்கொரு முறை பதறவும் வேண்டாம், பதிவேடு இருக்கிறதே என்று தூங்கவும் வேண்டாம். சிப்பின் எண்ணிலிருந்து அறையின் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். அறை 30 இருக்கும்போது 62, அறை 36 ஆனபோது 68 என்றால் வித்தியாசம் அதே 32தான், குறை வெயிலுடையது. அறை மாறாமல் சிப் மட்டும் ஏறினால், தூசியோ அடைப்போ கூடுதல் வேலையோ இருக்கிறது என்று அர்த்தம். மின்விசிறி வாங்கும் முன் அதைத் தேடுங்கள். எந்த விசிறியும் அறையை விடக் குளிர்ச்சியாக சிப்பை ஆக்கிவிடாது.

இன்னொன்று. வெப்பத்தால் வேகம் குறைந்ததா, மின்சாரம் போதாமல் போனதா என்பதை பை நினைவில் வைத்திருக்கும், கேட்டால் சொல்லும். ஆனால் ஆஃப் செய்து ஆன் செய்தால் அந்த நினைவு அழிந்துவிடும். சாட்சியை நாமே அனுப்பிவிட்டுப் பிறகு விசாரிப்பதில் பயனில்லை. முதலில் கேளுங்கள், பிறகு அணையுங்கள்.

எனக்கு நஷ்டம் ஒரு மாத வேலை. முந்தையவற்றின் நகல் தங்கையிடம் இருந்தது. மற்றவற்றுக்கு டிரங்குப் பெட்டியிலிருந்து கடிதங்களை மறுபடி எடுத்தேன். மடிப்பில் நைந்துபோன தாள்கள். விரிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிழிகின்றன. அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி இந்த முறை உதிர்ந்தே போயிற்று. அதுதான் மனதைச் சுடுகிறது.

இப்போது பை ஜன்னலோரம் திறந்த தட்டில் இருக்கிறது. டிஸ்க் ஒரு முழம் தள்ளி. 75ஐத் தாண்டினால் என் போனுக்குச் செய்தி வரும். ஞாயிறு காலை காபியோடு அந்த வாரத்தின் உச்ச எண்ணைப் பார்த்து, அறை வெப்பத்தையும் சேர்த்து டைரியில் எழுதி, பக்கத்தில் இனிஷியல் போடுகிறேன். குமாஸ்தா புத்தி. படித்தேன் என்பதற்கு நான் வைக்கும் அத்தாட்சி.