மன்றோ வீட்டுக்குப் போகவில்லை

திருச்சானூரில் தாயாரைச் சேவிக்காமல் திருப்பதி யாத்திரை முழுமையாகாது என்பார்கள். மலை மேல் பெருமாள், கீழே தாயார். இந்தப் பிரிவைப் பழகிக்கொண்ட பக்தர்களுக்கு, திருமலையில் பெயரை விட்டுச் சென்ற ஒரு வெள்ளைக்காரரின் குடும்பப் பிரிவு தெரிந்திருக்க நியாயமில்லை.

பெருமாளுக்குப் பொங்கல் நைவேத்தியம் செய்யும் பெரிய பாத்திரத்துக்கு 'மன்றோ கங்காளம்' என்று பெயர். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்ட சர் தாமஸ் மன்றோ, கோயில் பிரசாதம் சாப்பிட்டுக் குணமடைந்தார். நன்றிக்கடனாக ஒரு கிராமத்தின் வருமானத்தை இந்த நைவேத்தியத்துக்கு எழுதிவைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. ஆற்காட்டு நவாபின் பிரதேசம் 1801இல் கம்பெனி வசமானதிலிருந்து 1843 வரை கோயில் நிர்வாகத்தையும் கம்பெனிதான் கவனித்தது.

மன்றோ பிறவிப் பிரபு அல்ல. கிளாஸ்கோவில் அப்பாவுக்குப் புகையிலை வியாபாரம். அமெரிக்க சுதந்திரப் போரில் அது நொடித்துப்போக, மகன் படை வேலைக்குக் கப்பலேறினார். 1780இல் சென்னையில் இறங்கியபோது வயது 18. ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று போர்கள். பிறகு பாராமகாலில் நிலவரி வேலை. 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி உள்ளிட்ட பகுதிகளின் தலைமைக் கலெக்டர். பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த மதனப்பள்ளியும் வாயல்பாடும் அன்று அவர் ஆளுகையில் இருந்தன.

இங்கே அவருக்கு இரண்டு முகங்கள். சுமார் எண்பது பாளையக்காரர்களைப் படைபலத்தால் அடக்கியவர் அவர்தான். கூடாரத்தில் தங்கி, ஊர் ஊராகப் போய், குடியானவர்களிடம் நேரடியாகப் பேசியவரும் அவர்தான். தான் விதித்த வரியே அதிகம் என்று 1807இல் கால்பங்கு குறைக்கச் சொன்னார். மேலிடம் கேட்கவில்லை. 1820இல் சென்னை கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் அது நடந்தது.

கல்யாணம் 1814இல், 52 வயதில். மனைவி ஜேன் காம்ப்பெல், ஸ்காட்லாந்துக்காரர். இரண்டு மகன்கள். மூத்தவன் தாமஸைச் சொந்த நாட்டில் விட்டுவிட்டுத்தான் தம்பதி சென்னைக்குக் கப்பலேறினார்கள். இளையவன் காம்ப்பெல் 1823இல் பிறந்தான். அந்த வருடமே பதவியிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டார் மன்றோ. மறு வருடம் பர்மா யுத்தம் வந்துவிட்டது. படையும் தளவாடமும் சென்னையிலிருந்தும் போக வேண்டும். தங்கிவிட்டார். அதற்குப் பரிசாக 1825இல் பாரோனெட் பட்டம் கிடைத்தது. தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போகிற பரம்பரைப் பட்டம்.

1826இல் இளையவனின் உடல்நிலை சரியில்லை. அவனை அழைத்துக்கொண்டு ஜேன் ஊருக்குப் புறப்பட்டார். யுத்தம் முடிந்திருந்தது, ஆனால் அடுத்த கவர்னர் வந்தபாடில்லை. குடும்பம் இல்லாத கிண்டி வீட்டின் வெறுமையைப் பற்றி மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். கப்பலில் அவை போய்ச்சேரவே மாதக்கணக்காகும்.

காத்திருந்த நேரத்தில், 1827 கோடையில், பழைய கலெக்டர் சீமைக்குக் கடைசியாக ஒரு சுற்றுப்பயணம் கிளம்பினார். வழியெங்கும் காலரா. ஜூலை 6ஆம் தேதி காலை பத்திகொண்டாவில் அவரையும் அது பிடித்தது. அன்று இரவுக்குள் உயிர் பிரிந்தது. பாரோனெட் பட்டம் எட்டு வயது தாமஸுக்குப் போனது. அப்பாவின் முகம் அவனுக்கு நினைவிருந்திருக்க வாய்ப்பில்லை.

குத்தியில் அடக்கம் செய்த உடலை 1831இல் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். தீவுத்திடலருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் 1839 முதல் அவர் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். கடப்பைச் சீமையில் பிள்ளைகளுக்கு 'மண்ட்ரோலப்பா' என்று பெயர் வைத்தார்கள்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பெயரானவர், தன் பிள்ளைகளுக்கும் வெறும் பெயராகத்தான் மிஞ்சினார்.