மெருகு நகலுக்குப் போதும்

நினைவேடு தொகுப்போர் விரும்பும் பொருள்களுள் ஒன்று, 'குளோஸி ஆக்சென்ட்ஸ்' போன்ற நிறமற்ற பளபளப்புப் பசை. காகிதத்தில் துளியாக இட்டால், உலர்ந்தபின் கண்ணாடிபோல் புடைத்து நிற்கும். வரைந்த இலைமேல் பனித்துளி, சன்னலுக்குக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடிக்கு வில்லை என எத்தனையோ செய்யலாம். புட்டியைக் குலுக்கக் கூடாது. குமிழிகள் படலத்தில் தங்கிவிடும்.

இவ்வளவும் அழகே. ஆயினும், பழைய கடிதத்தின்மீதே இதைப் பூசுவதை நாம் ஏற்பதற்கில்லை. நீரில் கரையும் மை, பசையின் ஈரத்தில் கசிந்து பரவும். உலர்ந்த படலத்தை எழுத்துக்குச் சேதமின்றி உரித்தெடுப்பதும் அரிது. பாட்டியின் கையெழுத்து மீண்டும் கிடைக்காது. லேசர் அச்சில் நகலெடுத்து, அதன்மேல் பூசுவோம். மூலத்தைத் தொடாமல் உறையிலிட்டுக் காப்போம். அடுத்த தலைமுறையும் அதைப் படிக்க வேண்டுமல்லவா?