இரண்டாவது ஆல்பமும் நம்ம பசங்க ஹெட்ஃபோனும்

வெர்ஷன் 2 வந்தாலே பழைய யூசர்கள் திட்டுவார்கள். எங்கள் தொழிலில் இது சகஜம். மெட்டாலிகாவுக்கும் அதே கதைதான்.

1983-ல் வந்த முதல் ஆல்பம் ‘கில் எம் ஆல்’ முழுக்க வேகம். மறுவருஷம் வந்த ‘ரைட் தி லைட்னிங்’ ஆரம்பிப்பதே அகூஸ்டிக் கிட்டாரில். நாலாவது பாட்டு ‘ஃபேட் டு பிளாக்’ இன்னும் நிதானம். காசுக்கு விலை போயிட்டாங்கன்னு ரசிகர்களில் ஒரு கூட்டம் கொதிச்சது. இன்னைக்கு அதே ஆல்பத்தைத்தான் பலர் அவங்களோட உச்சம்னு கொண்டாடறாங்க. ‘எஸ்கேப்’ பாட்டு மட்டும் இன்னும் பலருக்கு ஒட்டல. பேண்டே அதை முதல்முறை மேடையில் வாசிச்சது 2012-லதான்.

இதை ஏன் இங்கே எழுதறேன்? நம்ம பசங்களுக்கு இதெல்லாம் கேக்கிற வயசு வந்தாச்சு. ‘ஃபேட் டு பிளாக்’, வாழவே பிடிக்காத ஒருத்தனோட பாட்டு. போஸ்டனில் இசைக்கருவிகள் திருடு போன சமயம், மனசொடிஞ்சு ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் எழுதினது. வரிகளைக் கேட்டா நமக்குப் பகீர்னு இருக்கும். ஆனா இந்தப் பாட்டுதான் தங்களைத் தாங்கிப் பிடிச்சதுன்னு சொல்ற ரசிகர்கள் நிறைய. தன் வலியை இன்னொருத்தர் வாயால கேக்கிற ஆறுதல் அது.

அதனால ஹெட்ஃபோனைப் பிடுங்காதீங்க. கூட உட்கார்ந்து அந்த ஏழு நிமிஷத்தைக் கேளுங்க. “இதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?”ன்னு கேளுங்க. பதில் கிட்டாரைப் பத்தி இருந்தா சந்தோஷம். தன்னைப் பத்தி இருந்தா, மத்த வேலையெல்லாம் அப்புறம். முழுசா கேட்டுட்டு, டாக்டர்கிட்டயோ ஸ்கூல் கவுன்சிலர்கிட்டயோ உடனே பேசுங்க.